வலி மாத்திரை, தூக்க மாத்திரை ரெண்டும் சேர்ந்து இருந்தா எதை முதல்ல நிறுத்தறது?

அப்பாவுக்கு 71 வயசு, கும்பகோணத்துல தனியாத்தான் இருக்கார், நான் சென்னை, அண்ணன் கோயம்புத்தூர். போன தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அப்பாவுக்கு இடது விலாவுல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் பட்டையா அக்கி வந்துடுச்சு. தெருவுல எல்லாரும் சொல்ற மாதிரி முதல்ல போய் காவி குழைச்சு அக்கி எழுதிட்டு வந்துட்டார், அஞ்சாவது நாள்தான் டாக்டர்கிட்ட போனார். அக்கிக்கு கொடுக்கற வைரஸ் மாத்திரையை கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் முழுப் பலன், அது போச்சு. கொப்புளம் காஞ்சு தோல் ஆறிடுச்சு, ஆனா எரிச்சல் போகல. சட்டை பட்டாலே நெருப்பு வெச்ச மாதிரி இருக்குன்னு துண்டை மட்டும் தோள்ல போட்டுக்கிட்டு உக்காந்திருப்பார்.

வலி தாங்க முடியலன்னு போனப்ப அந்த டாக்டர் டிரமடால் 50 மி.கி. காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, கூடவே ராத்திரிக்கு பிரிகாபலின் 75 எழுதிக் கொடுத்தார். அவருக்குத் தெரியாத ஒரு விஷயம், அம்மா போனதுல இருந்து ஆறு வருஷமா அப்பா தினமும் ராத்திரி அல்பிரஸோலம் 0.5 போட்டுக்கிட்டுத்தான் தூங்கறார், அது வேற டாக்டர் எப்பவோ எழுதினது. இவரும் கேக்கல அப்பாவும் சொல்லல. ஏன் சொல்லலன்னு பின்னாடி கேட்டேன், "அது மருந்து இல்லம்மா, தூக்கத்துக்குப் போடறது"ன்னார். நிறைய வீட்டுல பெரியவங்க இப்படித்தான் நினைக்கறாங்க, பிபி மாத்திரை சுகர் மாத்திரைன்னு கேட்டா சொல்வாங்க, தூக்க மாத்திரையை அந்தக் கணக்குலயே சேர்க்க மாட்டாங்க.

தீபாவளிக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன், டிரமடால் ஆரம்பிச்சு ஒன்பதாவது நாள். சாப்பிட்டு ஒன்பது மணிக்கு மூணு மாத்திரையையும் ஒண்ணாப் போட்டுக்கிட்டு படுத்தார். பன்னெண்டு மணி இருக்கும், குறட்டை சத்தம் வித்தியாசமா கேட்டுச்சு, ஒரு குறட்டை, அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல, அப்புறம் மூச்சை இழுத்து ஒரு திணறல், மறுபடி அமைதி. போய் பக்கத்துல நின்னு கடிகாரத்தைப் பாத்து எண்ணினேன், ஒரு நிமிஷத்துக்கு எட்டு மூச்சுதான். உலுக்கி உலுக்கி எழுப்பினப்புறம்தான் கண்ணைத் திறந்தார், பேச்சு குழறலா இருந்துச்சு. உடனே 108-க்கு போன் பண்ணிட்டேன். ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் 88 காட்டுச்சு. நான் கையில அள்ளிட்டுப் போன மூணு அட்டையையும் டியூட்டி டாக்டர் மேஜை மேல வரிசையா வெச்சுப் பாத்துட்டு "இதெல்லாம் ஒரே ஆளுக்கா?"ன்னு கேட்டாங்க. விடியற வரைக்கும் ஆக்சிஜன் வெச்சு பாத்துக்கிட்டாங்க, அப்பா நல்லபடியா எழுந்துட்டார்.

அதுக்கப்புறம் வந்ததுதான் இந்தக் கேள்வி. ரெண்டும் சேரக் கூடாதுன்னா எதை நிறுத்தறது, எதை வெச்சுக்கறது, எவ்வளவு வேகமா? அண்ணன் ஒண்ணு சொன்னான், பெரியம்மா ஒண்ணு சொன்னாங்க, மெடிக்கல் ஷாப்ல ஒண்ணு சொன்னாங்க. ஒரு நரம்பு டாக்டரை வேற பாத்தோம், அவங்க பொறுமையா உக்காந்து பேசினாங்க. நானும் ரெண்டு மாசமா இதையேதான் படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க முன்னாடி இருந்த வழி ஒவ்வொண்ணையும் எடை போட்டுப் பாத்ததை எழுதறேன், இதே நிலைமையில நிறைய வீடு இருக்கும்.

முதல்ல ஏன் இது ஆபத்துன்னு. நாம தூங்கும்போது மூச்சை யாரும் யோசிச்சு விடறதில்ல, மூளைத்தண்டுல இருக்கற ஒரு பகுதி ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுதான்னு பாத்துக்கிட்டே இருக்கும், ஏறினா உடனே மூச்சை இழுக்க வைக்கும். டிரமடால், கோடீன், டாபென்டடால், மார்ஃபின் இதெல்லாம் ஓபியாய்டு வகை, இவை அந்த எச்சரிக்கை மணியோட சத்தத்தையே குறைச்சிடும். அல்பிரஸோலம், குளோனசெபாம், டயஸெபாம், லோரசெபாம் எல்லாம் பென்சோடயஸெபின் வகை, சுருக்கமா பென்சோ, இவை வேற வழியில மூளையை மந்தமாக்கும், தொண்டைத் தசையையும் தளர்த்தும், அதனால குறட்டை விடறவங்களுக்கு மூச்சுக்குழாய் இன்னும் அடைபடும். ஒண்ணு மட்டும் இருந்தா மூச்சு குறையும்போது திணறி முழிச்சுக்குவோம், ரெண்டும் இருந்தா மூச்சும் குறையுது, முழிச்சுக்கற சக்தியும் குறையுது. பிரிகாபலினும் கூட சேர்ந்தா மூணாவது ஆளும் அதே பக்கம் இழுக்கற மாதிரி. இதுல நேரக் கணக்கும் இருக்கு, டிரமடால் சாதா மாத்திரை உச்சத்துக்கு வர்றது சுமார் ரெண்டு மணி நேரத்துல, அல்பிரஸோலம் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல, பிரிகாபலின் சாப்பாட்டுக்கு மேல போட்டா மூணு மணி நேரம். ஒன்பது மணிக்கு போட்டா பதினொண்ணுல இருந்து பன்னெண்டு. நான் குறட்டையைக் கேட்டு எழுந்ததும் அதே பன்னெண்டுதான்.

அமெரிக்காவுல இதுக்கு பெரிய விலை கொடுத்துத்தான் கத்துக்கிட்டாங்க. 2008 ஜனவரியில நடிகர் ஹீத் லெட்ஜர் 28 வயசுல செத்துப்போனப்ப உடம்புல இருந்தது ரெண்டு ஓபியாய்டு, மூணு பென்சோடயஸெபின், ஒரு தூக்கம் வர்ற அலர்ஜி மருந்து, தற்செயலா மருந்து கலந்ததால வந்த சாவுன்னுதான் நியூயார்க் மருத்துவப் பரிசோதகர் ஆபீஸ் சொல்லுச்சு. அது பிரபலமானவர், அதனால வெளிய தெரிஞ்சுது. அங்க 2002-ல இருந்து 2014-க்குள்ள ரெண்டு மருந்தும் சேர்த்து எழுதப்பட்ட நோயாளிங்க 41 சதவீதம் கூடிட்டாங்க. 2016 ஆகஸ்ட்ல எஃப்டிஏ, அதாவது அங்க மருந்துகளைக் கட்டுப்படுத்தற அரசு அமைப்பு, ஏறக்குறைய 400 மருந்துப் பொருளுக்கு, ஓபியாய்டு வலி மருந்து, ஓபியாய்டு இருமல் மருந்து, பென்சோடயஸெபின் எல்லாத்துக்கும், கட்டம் போட்ட எச்சரிக்கையை கட்டாயமாக்குச்சு, அதைவிடக் கடுமையான எச்சரிக்கை அவங்ககிட்ட கிடையாது. வட கரோலினாவுல நடந்த ஒரு ஆய்வுல ஓபியாய்டு மட்டும் வாங்கினவங்களைவிட ரெண்டும் சேர்த்து வாங்கினவங்க ஓவர்டோஸ்ல இறந்த விகிதம் பத்து மடங்கு. முன்னாள் ராணுவ வீரர்களைப் பத்தின இன்னொரு ஆய்வு 2015-ல வந்துச்சு, ஓபியாய்டு வாங்கினவங்கள்ல 27 சதவீதம் பேருக்குத்தான் பென்சோவும் கொடுத்திருந்தாங்க, ஆனா ஓவர்டோஸ் சாவுல கிட்டத்தட்ட பாதி ரெண்டையும் சேர்த்து எழுதி வெச்சிருந்த காலத்துல நடந்தது. இவங்க எல்லாம் தெருவுல போதைக்கு வாங்கினவங்க இல்ல, டாக்டர் எழுதின சீட்டை வெச்சிருந்தவங்க. "டாக்டர்தானே கொடுத்தாங்க, அப்புறம் என்ன பயம்"னு பெரியம்மா கேட்டதுக்கு என்கிட்ட இருந்த ஒரே பதில் இதுதான், ஒவ்வொரு டாக்டரும் அவங்கவங்க சீட்டுல சரியாத்தான் எழுதியிருக்காங்க, ரெண்டு சீட்டையும் சேர்த்து வெச்சு பாத்தவங்க யாருமே இல்ல பெரியம்மா.

சரி, வழிகளுக்கு வரேன்.

அண்ணன் அன்னைக்கு ராத்திரியே போன்ல சொன்னது, "தூக்க மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போடு, வலிக்கு மருந்து வேணும், தூக்கம் என்ன பெரிய வியாதியா." கேக்க நியாயமா இருக்கும், பத்து வீட்டுல ஒன்பது வீட்டுல இதைத்தான் செய்வாங்க, நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா எல்லா வழியிலயும் இதுதான் மோசமான வழி. ஆறு வருஷமா தினமும் அல்பிரஸோலம் எடுத்த உடம்பு அதை வெச்சுத்தான் தன்னை சமன் பண்ணிக்கிட்டிருக்கு, ஒரே நாள்ல நிறுத்தினா கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, நாலஞ்சு ராத்திரி துளித் தூக்கம் இல்லாம போறது, சிலருக்கு ஃபிட்ஸே வந்துடும், வயசானவங்களுக்கு ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும் வரும். எஃப்டிஏ 2020 செப்டம்பர்ல பென்சோ மருந்துங்களோட எச்சரிக்கையில இதை, அதாவது டாக்டர் எழுதின அளவுலயே போட்டாலும் உடம்பு பழகிடும், திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துங்கறதை, தனியா சேர்த்தாங்க. இதுல இன்னொரு சிக்கல், டிரமடாலுக்கும் ஃபிட்ஸ் வரவைக்கற குணம் இருக்கு. ஃபிட்ஸைத் தடுக்கற மருந்தை திடீர்னு எடுத்துட்டு ஃபிட்ஸைத் தூண்டற மருந்தை வெச்சுக்கறோம்னு நினைச்சுப் பாருங்க. நான் அண்ணன்கிட்ட இதைச் சொன்னப்ப அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

மெடிக்கல் ஷாப்ல சொன்னது வேற, "ரெண்டையும் விட வேண்டாம் மேடம், நேரத்தை மாத்திப் போடுங்க, வலி மாத்திரை காலையில, தூக்க மாத்திரை ராத்திரியில." இதை முழுசா தள்ளிட முடியாது, உச்ச நேரம் ரெண்டும் ஒண்ணா வராம இருக்கறது நல்லதுதான். ஆனா அது பிரச்சனையைக் குறைக்குமே தவிர தீர்க்காது. டிரமடால் பாதியா குறையவே ஆறு மணி நேரம் ஆகும், அல்பிரஸோலம் வயசானவங்க உடம்புல பாதியா குறைய சராசரி 16 மணி நேரம், அப்போ காலை ஏழு மணிக்கு டிரமடால் போடும்போது ராத்திரி போட்ட அல்பிரஸோலம் பாதிக்கு மேல உள்ளதான் இருக்கு. அதோட அப்பாவுக்கு ராத்திரியிலதான் எரிச்சல் கூட, காலையில மட்டும் போடுங்கன்னா ராத்திரி வலி தாங்காம ஒண்ணு எடுத்துப் போட்டுக்குவார், தனியா இருக்கற மனுஷனை யார் பாக்கறது? வீட்டுல கூட ஆள் இருந்து, மூச்சுத் தொந்தரவு, குறட்டை, கிட்னி பிரச்சனை எதுவும் இல்லாத ஆளா இருந்து, ரெண்டு டாக்டரும் ரெண்டும் ஓடுதுன்னு தெரிஞ்சே ரொம்பக் குறைஞ்ச அளவுல கொஞ்ச நாளைக்கு வெச்சா அது ஒரு மாதிரி. எங்க வீட்டுக்கு இது ஒத்து வராது.

மூணாவதா ஒரு யோசனை வந்துச்சு, அல்பிரஸோலத்தை விட்டுட்டு வேற "லேசான" தூக்க மாத்திரைக்கு மாறிடலாமே, சோல்பிடெம் மாதிரின்னு. இது பேர் மாறுதே தவிர வேலை மாறல, அதுவும் மூளையில அதே இடத்துலதான் வேலை செய்யுது, எஃப்டிஏ எச்சரிக்கையிலயே பென்சோ மட்டும் இல்லாம மூளையை மந்தமாக்கற மத்த மருந்து, சாராயம் எல்லாத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்காங்க. தூக்கம் வர்ற பழைய அலர்ஜி மாத்திரை, கோடீன் இருக்கற இருமல் சிரப் எல்லாம் இதே கணக்குல வரும். தசைப்பிடிப்பு மருந்தும் அப்படித்தான், 2025 பிப்ரவரியில இந்திய அரசாங்கம் டாபென்டடாலையும் கரிசோப்ரடாலையும் ஒரே மாத்திரையில கலந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கிட்டிருந்ததை தடை பண்ணுச்சு, அதுல இருந்ததும் ஒரு ஓபியாய்டும் ஒரு மந்தமாக்கற மருந்தும்தான், நாம ரெண்டு டாக்டர்கிட்ட தனித்தனியா வாங்கறதை அங்க ஒண்ணாவே அடைச்சு வித்திருக்காங்க.

நாலாவது வழி, டிரமடாலை முதல்ல நிறுத்தறது. நரம்பு டாக்டர் சொன்னது இது. கேட்டவுடனே எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஏன்னா வலியோட இருக்கற மனுஷன்கிட்ட இருந்து வலி மாத்திரையைப் பிடுங்கறதான்னு. அவங்க சொன்ன காரணம் ரொம்ப எளிமை. டிரமடால் உள்ள போயி ஒன்பது நாள்தான் ஆகுது, உடம்பு இன்னும் அதுக்கு அடிமையாகல, அளவும் குறைவு, நிறுத்தினா பெருசா எதுவும் ஆகாது. அல்பிரஸோலம் ஆறு வருஷம். புதுசா வந்தவரை வாசலோட அனுப்பறது சுலபம், ஆறு வருஷமா குடியிருக்கறவரை காலி பண்ண வைக்க நோட்டீஸ் கொடுத்து டைம் கொடுக்கணும்னாங்க. நான் பின்னாடி படிச்சப்ப இதே கருத்து அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2016-ல கொடுத்த வழிகாட்டுதல்லயும் இருந்துச்சு, ரெண்டையும் குறைக்கணும்னா ஓபியாய்டை முதல்ல குறைக்கறது பாதுகாப்பா இருக்கலாம், ஏன்னா பென்சோவை விடும்போது வர்ற பாதிப்பு ஓபியாய்டை விடும்போது வர்றதைவிட ஆபத்துன்னு. இது எல்லாருக்கும் பொருந்தற சட்டம் கிடையாது, வருஷக்கணக்கா டிரமடால் எடுக்கறவங்களுக்கு அதையும் படிப்படியாத்தான் குறைக்கணும், திடீர்னு நிறுத்தினா அதுக்கும் உடம்பு வலி, வயித்துப்போக்கு, பதட்டம் எல்லாம் வரும். ஆனா "எது புதுசு எது பழசு"ங்கற கேள்வியை முதல்ல கேளுங்க, எங்களுக்கு அந்த ஒரு கேள்விதான் வழியைத் திறந்துச்சு.

அப்போ வலிக்கு என்ன? இங்கதான் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு, அக்கிக்கு அப்புறம் வர்ற நரம்பு வலிக்கு டிரமடால் முதல் வரிசை மருந்தே கிடையாது, பின்னாடி வரிசை. முதல் வரிசையில இருக்கறது பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் வகை, டுலாக்ஸெடின் மாதிரி மருந்துங்க. அதோட வலி ஒரே இடத்துல பட்டையா இருக்கறதால லிடோகெயின்ங்கற மரத்துப்போக வைக்கற மருந்து இருக்கற ஒட்டு ஒண்ணு இருக்கு, 5 சதவீதம், தோல் முழுசா ஆறின இடத்துல 12 மணி நேரம் ஒட்டணும், 12 மணி நேரம் எடுத்து வைக்கணும். மருந்து ரத்தத்துல ரொம்பக் கொஞ்சமாத்தான் போகும், மூச்சுக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே இல்ல. விலை கூடத்தான், தினமும் ஒட்டறதுன்னா மாசச் செலவு கண்ணுல தெரியும், எல்லாக் கடையிலயும் கிடைக்கவும் இல்ல. ஆனா எங்க நிலைமையில இதுதான் வலிமையான தேர்வுன்னு எனக்குத் தோணுச்சு, ராத்திரி எரிச்சல் கூட இருக்கறப்ப ஒட்டிக்கிட்டு படுக்கலாம்.

அமிட்ரிப்டிலின் பத்தியும் பேசினோம், விலை ரொம்பக் குறைவு, ராத்திரி தூக்கமும் வரும், ஆனா அப்பாவுக்கு ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கு, ஒண்ணுக்குப் போறதே கஷ்டம், அந்த மருந்து அதை இன்னும் அடைச்சிடும், வாய் காயும், எழுந்து நிக்கும்போது தலை சுத்தி விழ வாய்ப்பு உண்டு. வயசு குறைஞ்சவங்களா இருந்தா இதையே முதல்ல போட்டுப் பாத்திருப்பேன்னு டாக்டரே சொன்னாங்க. டுலாக்ஸெடினை டிரமடாலோட சேர்த்திருந்தா இன்னொரு சிக்கல் வந்திருக்கும், ரெண்டும் மூளையில செரட்டோனின்ங்கற ரசாயனத்தை ஏத்தற மருந்து, சேர்ந்தா அது அளவு மீறிடலாம். பிரிகாபலினை என்ன பண்றதுங்கறதுலதான் ரொம்ப நேரம் ஓடுச்சு. அதுவும் அப்பாவி இல்ல, 2019 டிசம்பர்ல எஃப்டிஏ அதுக்கும் தனியா எச்சரிக்கை கொடுத்துச்சு, வயசானவங்க, நுரையீரல் வியாதி இருக்கறவங்க, ஓபியாய்டோ மந்தமாக்கற மருந்தோ கூட எடுக்கறவங்களுக்கு மூச்சு குறையலாம்னு. அது கிட்னி வழியாத்தான் வெளிய போகும், அப்பாவுக்கு கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்துச்சு, அப்படி இருக்கறவங்களுக்கு அளவைக் குறைக்கணும், அதை யாரும் பாக்கல. கடைசியில 75-ஐ 25 ஆக்கி, டிரமடாலை நிறுத்தி, ஒட்டு ஆரம்பிச்சு, பாரசிட்டமால் அளவோட. அல்பிரஸோலம் அப்போதைக்கு அப்படியே.

இதுல இழப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன். டிரமடால் நின்ன முதல் வாரம் அப்பாவுக்கு வலி கூடத்தான் இருந்துச்சு, ரெண்டு ராத்திரி எழுந்து உக்காந்துட்டார், "அந்த மாத்திரையே நல்லா இருந்துச்சேம்மா"ன்னு கேட்டப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுது. பத்து நாள் லீவு போட்டு கூட இருந்தேன். ஒட்டு பிடிக்க ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. வலி முழுசா போகல, சட்டை போட முடியற அளவுக்கு வந்துச்சு, அந்த அளவுக்கு அவர் மூச்சை அடகு வைக்க வேண்டியது இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சுத்தான் அல்பிரஸோலம் பக்கம் வந்தோம், அவசரமே படல. வலி அடங்கி, ராத்திரி ஓரளவு நிம்மதியா போக ஆரம்பிச்ச பிறகு. 2025-ல அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்து பென்சோ குறைக்கறதுக்குன்னே ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க, ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை 5-லிருந்து 10 சதவீதம் குறைச்சுப் பாருங்க, எப்படியும் ரெண்டு வாரத்துக்கு 25 சதவீதத்தைத் தாண்டாதீங்கன்னு. நம்ம கையில இருக்கற மாத்திரையில 10 சதவீதம் வெட்டறது நடக்கற காரியம் இல்ல, அதனால டாக்டர் 0.25 மாத்திரை வாங்கி ஒண்ணரையா கொடுக்கச் சொன்னாங்க, அந்த 0.375-ல ஒரு மாசத்துக்கு மேல இருந்தோம், அப்புறம்தான் அடுத்த படி. படி கீழ போகப் போக ஒவ்வொரு படியிலயும் இன்னும் கூட நாள். வர்ற கெட்ட ராத்திரியை "மாத்திரை இல்லாம எனக்கு ஆகாது"ன்னு அப்பா எடுத்துக்கக் கூடாது, அது உடம்பு பழைய கணக்கை மாத்திக்கற சத்தம்னு முன்னாடியே சொல்லி வெச்சோம்.

வயசானவங்க எங்க விடப் போறாங்கன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு விஷயம். கனடாவுல க்யூபெக்ல 65 வயசுக்கு மேல பல வருஷமா பென்சோ எடுக்கறவங்களுக்கு வெறும் ஒரு கையேடு கொடுத்தாங்க, இந்த மருந்து என்ன பண்ணும், எப்படிப் படிப்படியா குறைக்கலாம்னு, வேற எதுவும் இல்ல. ஆறு மாசத்துல 27 சதவீதம் பேர் முழுசா விட்டுட்டாங்க, கையேடு கொடுக்காதவங்கள்ல 5 சதவீதம். 2014-ல வெளிவந்த ஆய்வு. பெரியவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா கேக்கறாங்க, நாமதான் சொல்றதில்ல. தூக்கத்துக்கு மருந்து இல்லாத வழியும் உண்டு, பகல்ல படுக்காம இருக்கறது, தூக்கம் வந்தாத்தான் கட்டிலுக்குப் போறது, எந்நேரம் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திரிக்கறது, இதை முறையா பயிற்சியா கொடுக்கறதைத்தான் 2016-லயே அமெரிக்க மருத்துவர் கல்லூரிங்கற டாக்டர்கள் சங்கம் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சைன்னு சொல்லுச்சு. அப்பா மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கற ஆள், அதை நிறுத்தறதுதான் மாத்திரையை நிறுத்தறதைவிட பெரிய சண்டையா போச்சு.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுத்துக்கிட்டு, கூடவே மூச்சுத் திணறலுக்கோ பதட்டத்துக்கோ லோரசெபாம், மிடாஸோலம் கொடுக்கப்படறவங்க வீட்டுல இதைப் படிச்சிட்டு எதையும் நிறுத்திடாதீங்க. அங்க ரெண்டும் தெரிஞ்சே, ஒரே டீம் பாத்து, அளவு அளந்து கொடுக்கறது, கடைசிக் காலத்துல வலியில்லாம இருக்கறதுக்கு அது பெரிய துணை, நம்ம ஊர்ல மார்ஃபின் கிடைக்காமலே வலியோட போனவங்க எத்தனை பேர். அதே மாதிரி ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு புப்ரினார்ஃபின் சிகிச்சையில இருக்கறவங்ககிட்ட பென்சோ எடுக்கறாங்கங்கற ஒரே காரணத்துக்காக அந்த சிகிச்சையை மறுக்கக் கூடாதுன்னு எஃப்டிஏ 2017-ல தனியாவே சொல்லியிருக்கு. ஆபத்து ரெண்டு மருந்து சேர்றதுல இருக்கு, ஆனா யாருக்குமே தெரியாம சேர்றப்ப அது பல மடங்கு.

தெரியாம சேர்றது நம்ம ஊர்ல ரொம்ப சுலபம். 2014 மார்ச்சுல இருந்து ஹெச்1 அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, அல்பிரஸோலம், டயஸெபாம், சோல்பிடெம், டிரமடால் எல்லாம் அதுல வரும், கடைக்காரர் நோயாளி பேரு, டாக்டர் பேரு, மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். டிரமடாலை 2018 ஏப்ரல்ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ளயும் கொண்டு வந்துட்டாங்க. ஆனா அந்த ரிஜிஸ்டர் அந்தக் கடைக்கு மட்டும்தான். அப்பா அல்பிரஸோலம் வாங்கறது மகாமகக் குளம் பக்கத்துல ஒரு கடை, டிரமடால் வாங்கினது டாக்டர் கிளினிக் கீழ இருக்கற கடை. ரெண்டு ரிஜிஸ்டரும் சுத்தமா இருந்திருக்கும், ரெண்டுலயும் அப்பா பேரும் இருந்திருக்கும், ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்காது. அதனால இப்ப எல்லா மருந்தும் ஒரே கடையில, அந்தக் கடைக்கார அண்ணன்கிட்டயும் முழு லிஸ்ட்டைக் கொடுத்துட்டேன், புதுசா எது வந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்கண்ணான்னு சொல்லி வெச்சிருக்கேன், போன வாரம் இருமல் சிரப்புக்கு போன் பண்ணினார்.

டாக்டர்கிட்ட போனா மாத்திரை பேரு ஞாபகம் வெச்சு சொல்ல வேண்டாம், அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு கொண்டுபோய் மேஜையில கொட்டுங்க, தூக்கத்துக்குப் போடறது, இருமலுக்குக் குடிக்கறது, நாட்டு மருந்து, எப்பவாவது குடிக்கற சரக்கு உட்பட. "இது ரெண்டும் சேரலாமா டாக்டர்"னு வாய்விட்டுக் கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

ராத்திரியில ஆள் எழுப்பினா எழாம இருந்தா, மூச்சு நிமிஷத்துக்கு பத்துக்குக் கீழ இருந்தா, உதடு நகம் நீலமா தெரிஞ்சா, குறட்டை நடுவுல மூச்சே நின்னு நின்னு வந்தா, காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிட்டு 108 கூப்பிடுங்க, தனியா விட்டுட்டுப் போகாதீங்க. அமெரிக்காவுல ஓபியாய்டுக்கு மாற்று மருந்தான நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரேயை 2023-ல இருந்து சீட்டு இல்லாமலே கடையில வாங்கி வீட்டுல வெச்சுக்கறாங்க, இங்க அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில போடற ஊசிதான், அதனால போய்ச் சேர்ற நேரம் முக்கியம். அந்த ஊசியும் ஓபியாய்டைத்தான் திருப்பும், தூக்க மாத்திரையைத் திருப்பாது, அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போனாத்தான் டாக்டருக்கு எது எதுன்னு தெரியும்.

இன்னும் ஒண்ணு, அக்கிக்குத் தடுப்பூசி இருக்கு, 50 வயசுக்கு மேல ரெண்டு டோஸ், 2023-ல இருந்து இந்தியாவுலயும் கிடைக்குது. அண்ணனுக்கு 51 ஆகுது, முதல் டோஸ் போட்டுட்டான்.

அப்பா இப்ப 0.25-ல இருக்கார். அடுத்த படி வர்ற பதினெட்டாம் தேதின்னு காலண்டர்ல சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு வெச்சிருக்கார், நேத்து போன் பண்ணினப்ப "பதினெட்டு சனிக்கிழமை வருதும்மா, நீ வெள்ளிக்கிழமையே வந்துடுவியா"ன்னு கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டிக்கு டிக்கெட் போட்டுட்டேன்.